டீட்டன் மலையைப் பனி குடைந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யெல்லோஸ்டோன் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வழியில் அரை நாள் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவிலும் இறங்குவார்கள். சாலையோரம் நாலு இடத்தில் காரை நிறுத்தி, மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த தடவை போனபோதுதான் அந்த மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்குகளுக்குள் நடந்தேன், அன்றிலிருந்து சிகரங்களைவிட எனக்கு அவைதான் பிடித்துப்போயின. நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் எல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோனுக்கு நேர் தெற்கே. 1929இல் மலைத்தொடரை மட்டும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மலையடிவாரத்துச் சமவெளியான ஜாக்சன் ஹோல் 1950இல்தான் முழுதாகச் சேர்ந்தது, அதுவும் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் சத்தமில்லாமல் ஒரு கம்பெனி பெயரில் நிலம் நிலமாக வாங்கி அரசிடம் கொடுத்ததால். (அவர்தான் வாங்குகிறார் என்று தெரிந்ததும் ஊரில் பெரிய ரகளையே நடந்தது, அது தனிக் கதை.) சமவெளியின் தரையே கடல் மட்டத்திலிருந்து 6,500 அடிக்கு மேல், ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். அங்கிருந்து நடுவில் குன்று எதுவும் இல்லாமல் கிராண்ட் டீட்டன் சிகரம் 13,775 அடிக்கு நேராக எழும்புகிறது.

கேன்யன் என்கிறார்களே, கிராண்ட் கேன்யன் மாதிரியா?

பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. கிராண்ட் கேன்யனை அறுத்தது கொலராடோ ஆறு. டீட்டனில் கேஸ்கேட், பெயின்ட்பிரஷ், டெத், கிரானைட், கார்னெட், அவலாஞ்ச் என்று கேன்யன் பட்டம் போட்ட பள்ளத்தாக்குகளுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது பனி. பெயர் வைத்த காலத்தில் மலைக்குள் ஆழமாகப் போகும் எந்த இடுக்கையும் அங்கே கேன்யன் என்றுதான் சொன்னார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு கத்தி மாதிரி, தான் ஓடுகிற கோட்டை மட்டும் அறுக்கும். இரண்டு பக்கமும் சரிந்து அடியில் கூராக முடியும், கோடாலியால் வெட்டிய மரத்தில் விழும் வெட்டுவாய் போல. பனியாறு (ஆங்கிலத்தில் கிளேசியர்) பள்ளத்தாக்கின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும், அதனால் அடியையும் தேய்க்கும், சுவரையும் தேய்க்கும். அது போன பிறகு மிஞ்சுவது மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி மாதிரி, அகலமான தரையும் நெட்டுக்குத்தான சுவர்களும். பள்ளிப் புவியியல் புத்தகத்தில் இரண்டு படம் போட்டு ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்பார்களே, அதேதான்.

பனியாறா, பனிப்பாறையா?

செய்திகளில் பனிப்பாறை என்று எழுதுகிறார்கள். கடலில் மிதப்பதற்கும் அதே சொல், மலையில் கிடப்பதற்கும் அதே சொல், குழப்பமாக இருக்கிறது. மலையில் இருப்பது சும்மா கிடப்பதில்லை, நகர்கிறது. நான் பனியாறு என்றே எழுதுகிறேன்.

பனி எப்படிக் கருங்கல்லைக் குடையும்? கையில் எடுத்தால் உருகிவிடுகிறதே!

எல்லாரும் கேட்கிற கேள்வி இது, நியாயமானதும்கூட. வெறும் பனி கிரானைட்டை ஒன்றும் செய்யாது. உப்புத்தாளில் மரத்தைத் தேய்ப்பது காகிதம் இல்லையே, அதில் ஒட்டியிருக்கும் துகள்தானே. அது போலத்தான்.

வருடா வருடம் பெய்கிற பனி கோடையில் முழுதாக உருகாமல் மிச்சப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மேலே சேரச் சேர அடியில் இருப்பது நெருங்கிக் கெட்டித்து நீலம் பாய்ந்த பனிக்கட்டியாகிவிடும், சுமார் நூறு அடி கனம் சேர்ந்துவிட்டால் தன் எடையே தாங்காமல் சரிவில் மெல்ல வழிய ஆரம்பிக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் கசியும். அந்தத் தண்ணீர் பாறை விரிசலுக்குள் போய் மறுபடி உறைந்து, நகரும் பனியோடு கட்டிப்போடப்பட்டு, பாறைத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுப்பது மாதிரி. பிடுங்கிய கற்கள் பனியின் அடிப்பக்கத்தில் பதிந்துகொண்டு போகிற வழியெல்லாம் தரையைச் சுரண்டும். பெரிய கல் கோடு கிழிக்கும், பொடிக்கல் மெருகு போடும், எல்லாம் அரைபட்டு மாவு மாதிரித் தூளும் வரும். இதை ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு விடாமல் செய்தால் எந்த மலையும் தேயும்.

டீட்டனில் இது ஒரு தடவை நடந்து முடிந்த சமாச்சாரம் இல்லை. பனி பலமுறை வந்து போனது. சுமார் ஒன்றரை லட்சம் வருடங்களுக்கு முன் வந்த ஒரு பெரிய பனியுகத்தில் ஜாக்சன் ஹோல் சமவெளியே பனிக்கடியில் போயிற்று. கடைசியாக வந்தது அதைவிடச் சின்னது, ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன் உச்சத்தில் இருந்தது. இன்று நாம் பார்க்கிற ஏரிகளும் மேடுகளும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பனி விட்டுப்போனவை.

அப்படியானால் மலையையும் பனிதான் செய்ததா?

இல்லை. மலையை உயர்த்தியது நிலப்பிளவு. அடிவாரத்தை ஒட்டி வடக்கு தெற்காக சுமார் 40 மைல் நீளத்துக்கு டீட்டன் பிளவு ஓடுகிறது. ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்திலும் மேற்குப் பக்கம் கொஞ்சம் ஏறும், கிழக்குப் பக்கம் கொஞ்சம் இறங்கும். கடந்த 1 கோடி வருடங்களுக்குள் இப்படியே நடந்து நடந்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்த நிலம் இன்று மலையும் சமவெளியுமாகப் பிரிந்து நிற்கிறது. மோரன் சிகரத்தின் உச்சியில் ஒரு தொப்பி மாதிரி மணற்கல் இருக்கும், 50 கோடி வருடத்துக்கும் மேல் பழையது. அதே மணற்கல் அடுக்கு எதிரே இருக்கும் சமவெளிக்கு அடியில் 20,000 அடிக்கும் கீழே புதைந்து கிடக்கிறது என்று புவியியலாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மலை ஏறியதைவிடப் பள்ளம் இறங்கியதுதான் அதிகம்!

உயர்ந்த மலையில் முதலில் ஓடைகள் இறங்கி இடுக்கு போட்டன, பிறகு வந்த பனி அதே வழியில் இறங்கி இடுக்குகளை அகலப்படுத்தியது. பாறை மிகப் பழையது (250 கோடி வருடங்களுக்கும் மேல்), மலை மிக இளையது, செதுக்கு வேலை நேற்று முடிந்தது. ஒரே இடத்தில் மூன்று வேறு வயது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பள்ளத்தாக்கு ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஏரி இருக்கிறதே, தற்செயலா?

தற்செயலே இல்லை, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கேஸ்கேட் கேன்யன் வாயில் ஜென்னி ஏரி. டெத் கேன்யன் வாயில் ஃபெல்ப்ஸ் ஏரி. நடுவில் டாகார்ட், பிராட்லி. வடக்கே லீ ஏரி. வாசலுக்கு வாசல் வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி வரிசையாக இருக்கும்.

பனியாறு மலையை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. நின்றது என்றால் உறைந்து நின்றதாக அர்த்தமில்லை, பின்னாலிருந்து வருகிற அளவும் முன்னால் உருகுகிற அளவும் சமமாகிவிட்டது. விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட்டைப் போல அது பாட்டுக்குக் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து விளிம்பிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டியது வளைவான கரையாக மேடு தட்டியது. இந்த மேட்டுக்கு மொரைன் என்று பெயர். பனி உருகிப் பின்வாங்கியதும், அது அழுத்திக் குடைந்த குழியில் தண்ணீர் தேங்கியது, மொரைன் ஏரிக்கரையானது. நம் ஊரில் மண் சுமந்து ஏரிக்கரை போடுகிற வேலையை அங்கே பனி செய்திருக்கிறது.

இப்போது மரங்களைப் பாருங்கள். சமவெளி முழுக்கச் சாம்பல் பச்சையில் முழங்கால் உயரத்துக்கு சேஜ் புதர், ஒரு மரம் கிடையாது. திடீரென்று ஏரியைச் சுற்றி அடர்ந்த பைன் காடு, கோடு போட்ட மாதிரி. முதல் முறை யாரோ நட்டது என்றே நினைத்தேன். விஷயம் மண்ணில் இருக்கிறது. சமவெளியில் இருப்பது உருகிய தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து பரப்பிய உருண்டைக் கூழாங்கல், பெய்கிற தண்ணீர் சல்லடையில் ஊற்றியது போல் இறங்கிவிடும், புதருக்குத்தான் தாங்கும். மொரைனில் பனி அரைத்த மாவும் களிமண்ணும் கலந்து கிடப்பதால் ஈரம் நிற்கும், மரம் வேர்விடும். ஆக, காடு எங்கே இருக்கிறதோ அதுவரை பனி வந்தது என்று காரில் இருந்தபடியே சொல்லிவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சாலையில் போகும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை, வீட்டுக்காரர்கள் பாவம்.

ஜாக்சன் ஏரி மட்டும் கொஞ்சம் வேறு. அதைக் குடைந்தது வடக்கே யெல்லோஸ்டோன் பக்கமிருந்து இறங்கிய பெரிய பனி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணை கட்டி அதன் மட்டத்தை இன்னும் உயர்த்தினார்கள்.

ஜென்னி யார்?

ஷோஷோனி பழங்குடிப் பெண். பீவர் டிக் என்று அழைக்கப்பட்ட ரிச்சர்ட் லீயின் மனைவி. 1872இல் வந்த ஹெய்டன் ஆய்வுக் குழுவுக்கு லீ வழிகாட்டி, அதனால் ஒரு ஏரிக்கு அவர் பெயர், பக்கத்து ஏரிக்கு அவள் பெயர். நாலே வருடத்தில், 1876இல், ஜென்னியும் குழந்தைகளும் பெரியம்மையில் இறந்துபோனார்கள்.

ஒரே ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

கேஸ்கேட் கேன்யன். யோசிக்க வேண்டியதில்லை.

ஜென்னி ஏரியின் கிழக்குக் கரையில் காரை நிறுத்திவிட்டுப் படகில் ஏறினால் மேற்குக் கரையில் விடுவார்கள். அங்கிருந்து அரை மைலில் ஹிடன் ஃபால்ஸ், சுமார் 100 அடி அருவி. இன்னும் அரை மைல் செங்குத்தாக ஏறினால் இன்ஸ்பிரேஷன் பாயிண்ட், 7,200 அடி. பெரும்பாலானவர்கள் இங்கே ஏரியைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் தப்பு. மூச்சு வாங்குகிற ஏற்றம் அதோடு முடிந்துவிட்டது, இனிமேல்தான் பள்ளத்தாக்கே ஆரம்பம்!

அந்தச் செங்குத்து ஏற்றம் ஏன் இருக்கிறது என்றால், பனி குடைந்த பள்ளத்தாக்கின் தரை ஏரி மட்டத்துக்கு இறங்கவில்லை, மேலேயே நின்றுவிட்டது. ஓடை அந்த விளிம்பிலிருந்து குதிப்பதுதான் அருவி. விளிம்பைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் வழி ஏறக்குறைய சமதளமாகிவிடும். மூன்றரை மைல் தூரத்துக்கு ஓடை பக்கத்திலேயே வரும், இடது கையில் டீவினாட், ஓவன் சிகரங்கள் தரையிலிருந்து சுமார் 5,000 அடிக்கு நிமிர்ந்து நிற்கும். கழுத்து வலிக்கும். முடிவில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. படகுத்துறையிலிருந்து அந்தக் கவட்டை வரை போய்த் திரும்ப 9 மைலுக்குச் சற்று மேல், தெம்பிருந்தால் வலது கிளையில் லேக் சாலிட்யூட் வரை போய்வர மொத்தம் 15 மைல்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். கவட்டையில் நின்று திரும்பிப் பார்த்தால் கிராண்ட் டீட்டன் உங்களுக்குக் கிழக்கே இருக்கும். அதாவது மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரத்துக்குப் பின்புறம் வந்துவிட்டீர்கள், ஆனாலும் ஓடை கிழக்கு நோக்கித்தான் ஓடுகிறது. நீர் பிரியும் கோடு சிகரங்களின் மேல் இல்லாமல் அதற்கும் மேற்கே தள்ளி இருக்கிறது. கிழக்குச் சரிவு செங்குத்தாக இருப்பதால் அந்தப் பக்க ஓடைகளும் பனியும் வேகமாக அரித்துச் சிகரங்களைச் சுற்றிப் பின்னால் வரை போய்விட்டன.

பனி வேலை செய்த அடையாளத்தைத் தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். ஏறுகிற வழியிலும் உள்ளேயும் தரையோடு தரையாக வழவழப்பான பாறைகள் வரும். மாலை வெயில் சாய்வாக விழும்போது கண்ணாடி மாதிரி பளிச்சிடும். நன்றாகத் தேய்ந்த அம்மிக்கல்லைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், அதன் மேல் நகத்தால் உணரக்கூடிய மெல்லிய நேர்கோடுகள் ஒரே திசையில் ஓடும். அந்தக் கோடுகள் போகிற திசைதான் பனி போன திசை. பாறை முண்டுகளில் இன்னொன்று கவனியுங்கள்: பனி ஏறி வந்த பக்கம் மழமழவென்றும், இறங்கிப் போன பக்கம் பிய்த்து எடுத்த மாதிரி கரடுமுரடாகவும் இருக்கும்.

பனியாறு இன்னும் மிச்சம் இருக்கிறதா?

பத்துப் பதினொரு சிறியவை நிழலான மூலைகளில் இருக்கின்றன. ஆனால் பள்ளத்தாக்கைக் குடைந்த பெரும் பனியின் மிச்சம் இவை என்று நினைத்துவிடாதீர்கள். அது முற்றிலும் உருகிப்போயிற்று. இவை சில நூற்றாண்டுகளுக்கு முன் குளிர் கூடியிருந்த காலத்தில் புதிதாக உண்டானவை, இப்போது சுருங்கிக்கொண்டிருக்கின்றன. கேஸ்கேட்டின் தெற்குக் கிளையின் முடிவில், ஹரிக்கேன் கணவாய்க்குக் கீழே ஸ்கூல்ரூம் பனியாறு இருக்கிறது. பெயருக்கேற்ப, பாடப்புத்தகத்தில் வருவதெல்லாம் சின்ன அளவில் ஒரே பார்வையில் தெரியும்: பனி, அதன் முன்னால் வளைந்த மொரைன் கரை, நடுவில் வெளிறிய பச்சை நீலத்தில் ஒரு குட்டை. அந்த நிறம் அரைபட்ட பாறை மாவினால் வருவது. அடியில் படியாத அளவுக்கு நைசான தூள், தண்ணீரில் மிதந்துகொண்டே வெயிலைச் சிதறடிக்கும்.

வேலை முடிந்துவிட்டதா, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா?

பனி போய்விட்டாலும் பாறை சும்மா இல்லை. சுவர்கள் அளவுக்கு மீறிச் செங்குத்தாக விடப்பட்டிருக்கின்றன, விரிசலில் தண்ணீர் புகுந்து உறைந்து பிளக்கும்போது கல் விழுகிறது. பள்ளத்தாக்கின் இரண்டு ஓரமும் கொட்டிக் கிடக்கும் கற்குவியல் எல்லாம் அப்படி விழுந்தவை. 2018 ஜூலையில் ஹிடன் ஃபால்ஸுக்கு மேலே ஒரு பெரும் பாறையில் விரிசல் புதிதாக அகன்றதைப் பார்த்து அந்தப் பகுதியையே மூடினார்கள்.

பிளவும் உயிரோடுதான் இருக்கிறது. ஸ்ட்ரிங் ஏரிக்கு எதிரே, ராக்சக் சிகரத்தின் அடிவாரத்தில், படுக்கைவாட்டில் ஒரு வெட்டுக்கோடு தெரியும். பனி போன பிறகு வந்த நிலநடுக்கங்கள் தரையை உயர்த்தி இறக்கிய தடம் அது. கதீட்ரல் குரூப் என்ற வாகன நிறுத்தத்தில் நின்றாலே போதும்.

எப்போது போகலாம்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. படகு ஏறத்தாழ மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஓடும், ஆனால் ஜூனில் மேல் பகுதியில் பனி கிடக்கும். பெயின்ட்பிரஷ் கணவாய் 10,700 அடி, அங்கே ஜூலையிலும் சில வருடம் பனிக்கோடாலி இல்லாமல் தாண்ட முடியாது. ஏரி வரை மட்டும் என்றால் செப்டம்பர் கடைசி வாரம், ஆஸ்பென் இலை மஞ்சளாகும், கூட்டமும் குறையும்.

அப்பா அம்மாவுக்கு முட்டி வலி. அவர்களுக்கு ஏதாவது?

ஸ்ட்ரிங் ஏரிக்கரை, ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு, தண்ணீரும் ஆழம் குறைவு. கொஞ்சம் நடப்பார்கள் என்றால் டாகார்ட் ஏரி, போகவர 3 மைல் சொச்சம், நான் சொன்ன மொரைன் மேட்டின் மேல்தான் ஏறி இறங்குவீர்கள். ஹிடன் ஃபால்ஸுக்குப் படகில் அழைத்துப் போகலாம், ஆனால் வழி கல்லும் வேருமாக இருக்கும். முதல் நாளே வேண்டாம், உயரம் பழகட்டும். தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கரடி?

கருங்கரடி, கிரிஸ்லி இரண்டும் உண்டு. 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, பேசிக்கொண்டே நடப்பது வழக்கம் (தமிழர் குழுவுக்கு இதில் பிரச்சினையே வராது). கரடி ஸ்ப்ரேயை (பாய்ந்து வரும் கரடி மேல் அடிக்கிற மிளகாய்த் தெளிப்பான்) பையின் அடியில் போட்டுவைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். விமானத்தில் அதைக் கொண்டுவர முடியாது, அங்கே போய் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். கேஸ்கேட்டில் கரடியைவிட மூஸ் மானைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம், சாதுவாகத் தெரியும், அதையும் நம்பிக் கிட்டே போகாதீர்கள்.

வேறு என்னதான் தப்பாகப் போகும்?

நேரம். நாங்கள் ஒரு தடவை பத்தரை மணிக்குக் காலை உணவை முடித்துக்கொண்டு ஆடி அசைந்து கிளம்பினோம். கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போயிற்று. கவட்டையை அடையும் முன்பே மேகம் கறுத்து இடி இடிக்க ஆரம்பித்தது, கோடையில் மதியத்துக்கு மேல் அங்கே இது சகஜம். ஒரு மணி நேரம் பாறைகளை விட்டுத் தள்ளி, உயரம் குறைந்த மரங்களுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்திருந்தோம். ஓடி இறங்கி வந்தால் கடைசிப் படகு போயிருந்தது. அப்புறம் என்ன, நனைந்த ஷூவோடு ஏரியைச் சுற்றி இரண்டரை மைல் நடை, சின்னவன் தோளில். காலை எட்டு மணிக்கு முன் அங்கே இருங்கள்.

டெத் கேன்யன் என்ற பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறதே?

நில அளவைக் குழுவில் ஒருவர் அங்கே காணாமல் போனதால் வந்த பெயர் என்பார்கள். வழி ஆபத்தானது இல்லை, ஃபெல்ப்ஸ் ஏரியை மேலிருந்து பார்க்கிற இடம் வரை கூட்டமும் இருக்கும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏன் இப்படி இல்லை?

அங்கே பனியாறு உருவானதே இல்லை. ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், அதுவும் வெப்ப மண்டலத்தில். நீலகிரியிலும் பழனி மலையிலும் பள்ளங்களை அறுத்தவை மழையும் ஆறும்.

மெருகேறிய கல் ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது, தேசியப் பூங்காவிலிருந்து கல், பூ, கொம்பு எதையும் எடுக்கச் சட்டம் இடம் தராது. டிரோன் பறக்கவிடுவதும் நாயை நடைபாதைக்குக் கூட்டி வருவதும் அதே கணக்குத்தான்.